பட்டத்துக்குப் போட்ட கணக்கு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. அம்பிட்டிய இறக்கத்தில் குடைக்கம்பி முறிந்தது. அலுவலகத்துக்கு ஏழு நிமிடம் தாமதம், பதிவேட்டில் சிவப்புக் கோடு. நான் வேலை செய்வது தனியார் பாடசாலை அலுவலகம். கோடு மட்டும் அரசாங்கத்தைப் போல.

கடைசி வருடக் கட்டணக் கடிதம் வந்துவிட்டது. கல்வி நிர்வாக இளமாணிப் பட்டம், மூன்றாம் வருடம், ரூ. 1,85,000. 20ஆம் திகதிக்குள். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. இந்த வரி மட்டும் தடித்த எழுத்தில்.

வாங்க: சவர்க்காரம், குடைக்கம்பி (திருத்த முடியுமா?), சுகந்திக்குக் கறுப்புச் சப்பாத்து, அளவு 5.

தங்கைக்கு 24ஆம் திகதி கல்வியியற் கல்லூரி நேர்முகம். அங்கே படிப்பு இலவசம், விடுதி இலவசம், முடித்தால் அரசாங்க ஆசிரியை. செருப்போடு போகக் கூடாது. அவளுக்கு என்னைவிட மூளை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். நான் உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டதால்தான் காசு கட்டிப் படிக்கிறேன்.

மார்ச் 4, புதன்

மழை விட்டது. பகல் சாப்பாட்டு நேரத்தில் கணக்கு.

இப்போதைய சம்பளம்: 32,000
பட்டத்துக்குப் பிறகு (பதவி உயர்வு கிடைத்தால்): 38,500
கூடுவது: 6,500
முதல் இரண்டு வருடத்துக்கு எடுத்த வங்கிக் கடன், மாதத் தவணை: 9,800. இன்னும் நான்கு வருடம்.

பதவி கிடைத்தாலும் மாதம் 3,300 துண்டு விழும். கூட்டலில் பிழையோ என்று இரண்டு தரம் பார்த்தேன். இல்லை. நிர்வாகம் படிக்கிற ஆள் நான்.

இப்போது நிறுத்தினால் பட்டமும் இல்லை, கடன் மட்டும் மிஞ்சும். கட்டணத்துக்கு வழி? வங்கி இரண்டாவது கடன் தராது. பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோதே ஒரு தாளில் வழிகளை எழுதினேன். அந்தத் தாளைக் காணவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பாயிஸ் நானாவிடம் கேட்டேன். கணக்குப் பிரிவு, எனக்கு எதிர் மேசை, அலவத்துகொடயிலிருந்து தினமும் வருகிறவர். இந்தப் பட்டம் முடித்தவர்களுக்கு என்ன சம்பளம் கிடைக்கிறது, யாரையாவது தெரியுமா என்றேன். கோப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் முடிச்சி நாலு வருசம். கதிரையும் மாறல்ல, சம்பளமும் மாறல்ல. லோன் மட்டும் இன்னம் பதினெட்டு மாசம் ஈக்குது."

மூன்று வருடமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சுவரில் சான்றிதழ் இல்லை, பெயருக்குப் பின்னால் எழுத்துகள் இல்லை. ஏன் முதலே சொல்லவில்லை என்றதற்கு, நீ கேட்கவில்லையே என்றார். உண்மைதான்.

பின்னேரம் அதிபரிடம் பதவியைப் பற்றி மெதுவாக ஞாபகப்படுத்தினேன். பார்ப்போம் என்றார். போன வருடமும் பார்ப்போம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

புசல்லாவை, தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு. பஸ்ஸில் நின்றபடியே. நல்ல வெயில்.

அம்மா தைப்பூசத்திலிருந்து கொழுந்தெடுக்கப் போகவில்லை. முழங்கால் வலியாம். ஆனால் நான் போனபோது இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். கேட்க நினைத்தேன், பிறகு சாப்பாடு வந்துவிட்டது.

லயத்தில் பக்கத்துக் காம்பிரா, அந்த ஓரறை வீடு, பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் கொழும்பில் வேலை, தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய ஒருவரும் இல்லை. தோட்ட அலுவலகம் சாவியை வாங்கிவிட்டதாம். இது புதிதில்லை. வீட்டுக்கு ஒரு பேராவது இல்லாவிட்டால் காம்பிராவைக் கேட்பார்கள்.

என் தாள் அகப்பட்டது. சாமிப் படத்துக்குப் பின்னால், நான்காக மடித்து. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. சுகந்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதில் நான் எழுதியிருந்த வழிகள்: 1. சீட்டு. 2. வங்கி. 3. அம்மாவின் சேமலாப நிதி?

மூன்றாவது, தோட்டத்தில் அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைக்கிற பணம். கேள்விக்குறி போட்டுத்தான் எழுதினேன். ஆனால் எழுதினேன்.

தாளைக் கேட்டேன், தரவில்லை. புறப்படும்போது அம்மா சொன்னது:

"ஒன் பேங்க் நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போ சாமி."

சீட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். சுகந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக பஸ் வரைக்கும் கூட வருவாள்.

மார்ச் 16, திங்கள்

தூறல். காலை 10.15க்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. என் கணக்கில் ரூ. 2,10,000.

அம்மாவுக்கு போன் எடுத்தேன். சீட்டுக் காசுதான் என்றார். லயத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற சீட்டில் இவ்வளவு விழாது, எனக்குத் தெரியும். ஒரு தரம்தான் கேட்டேன். இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதற்குப் பயம்.

12.40க்குக் கட்டணம் கட்டிவிட்டேன். பற்றுச்சீட்டைக் காட்டினேன். பாயிஸ் நானா பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

மிச்சக் காசில் சப்பாத்து. அளவு 5, உண்மைத் தோல். கடைக்காரரிடம், என் தங்கை ஆசிரியையாகப் போகிறாள் என்று கேட்காமலே சொன்னேன்.

மார்ச் 18, புதன்

மழை. பின்னேரம் சுகந்தியின் போன். சப்பாத்து வாங்கியாச்சு என்று நான்தான் முந்திக்கொண்டேன்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மாவுக்கு முழங்கால் வலியே இல்லை. பொங்கல் முடிந்த கையோடு வேலையிலிருந்து விலகி, விலகினால்தான் கைக்கு வருகிற சேமலாபப் பணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பத்தொரு வருடப் பணம். விலகினவர் பேரைத் திரும்பப் பதியமாட்டார்களாம். திங்கட்கிழமைக்குள் வீட்டிலிருந்து வேறு பேர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பிராவை விட வேண்டும்.

இங்கே என் அறையில் மூன்று பேர். அம்மாவை எங்கே வைப்பது?

நேர்முகத்துக்குப் போ, நான் ஏதாவது செய்கிறேன் என்றேன். என்ன செய்வாய் என்று அவள் கேட்கவில்லை.

"என் பேரையே குடுத்துட்டேண்ணே. நாளைக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகணும். சப்பாத்த கடையில திருப்பிக் குடுத்துட்டு, இடுப்புல கட்ட ஒரு படங்கு வாங்கிட்டு வாங்க. அம்மாவோடது கிழிஞ்சி போச்சு, செடி ஈரமெல்லாம் உள்ள எறங்குது."

அழவில்லை அவள். என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சப்பாத்துக் கடை பில்லைத் தேடி எடுத்தேன். ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறது.