ஓர் ஓடம், ஒரு குரல்

புறப்பாடு. காலை 6.10
காற்று சரி. தண்ணீர் சரி. நான் பேச்சியம்மாள், வயது பதினெட்டு. விண்நிலையத்தின் கீரைக்கூடத்தில் ஒப்பந்தம் முடிந்து இந்த விண்ஓடத்தில் பூமிக்குப் போகிறேன். பின்னறையில் ஜெசிந்தா அக்கா, அவளும் ஒப்பந்தம் முடிந்தவள், முழங்கால் வீங்கிப் படுத்திருக்கிறாள். பயணம் முடியும்வரை நடுக்கதவு திறக்காது. பேச்சு கம்பி வழியாகத்தான்.

காலை 6.40
வேலையை விட்டுப் போகிறவர் தன் வாயால் விடைபெற வேண்டும் என்பது விதி. ஓர் ஓடத்துக்கு ஒரு குரல், அது முன்னறையில் இருப்பவருடையது.

பின்னறை: "ஏட்டி, பேருதான் பேச்சி. இன்னைக்காவது வாயைத் திற."

ஓடம்: "விடைபெறுங்கள்."

"போயிட்டு வாரேன்" என்றேன். எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொன்னதில்லை. சொன்னால் அம்மா வாயிலேயே அடிப்பாள்.

ஓடம்: "பதிந்தது. தற்காலிக விடுப்பு. பூமியை ஒருமுறை சுற்றி, நிலையத்துக்கே திரும்புதல். இறங்கும் புள்ளிக்கு முன் மாற்றலாம்."

ஓடத்தின் குரல் பின்னறைக்குக் கேட்காது. அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள். மாலை
பின்னறை: "இறங்குனதும் மணியே பாக்க மாட்டேன். பசிச்சாத் திம்பேன். எம்மவன் ஆன்ட்ரோ பயலை மடியில போட்டுக்கிட்டு, யாருகிட்டயும் கேக்காம கடல்ல காலை நனைப்பேன். நீ என்னட்டி செய்வ?"

நிலையத்தில் மணி அடித்தால் எழுவேன், மணி அடித்தால் சாப்பிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். எது வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

பின்னறை: "சரியான ஊமைக்கோட்டான்."

ஓடம்: "மாற்றம் உண்டா?"

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மூன்றாம் நாள்
வெட்கம் என்று எழுதியது பொய். 'திரும்புதல்' என்று கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நாளைக்கு என்ன செய்வது என்று நானே யோசிக்க வேண்டாம். பூமியில் என் பங்கை நான் வேண்டாம் என்று விடலாம். அக்காவின் பங்கும் என் வாயில்தான் இருக்கிறது. இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் யாரானாலும் அவளிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இறங்கும் புள்ளி
ஓடம்: "கடைசி முறை. மாற்றம் உண்டா?"

பின்னறை: "ஏட்டி, தலை சீவிட்டேன். அவனுக்கு அடையாளம் தெரியணும்லா. ரெண்டு பல்லு வேற போச்சு எனக்கு."

'போறேன்.' சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். அக்கா சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஓடம்: "மாற்றம் இல்லை. நன்றி."

அதற்குப் பிறகு
பின்னறை: "பேச்சி, பூமி ஏன் சின்னதாகுது?"

வழி கொஞ்சம் மாறுது போலக்கா, பாக்கேன் என்றேன்.

பார்க்க ஒன்றும் இல்லை. நான் ஏதோ சரிசெய்கிறேன் என்று அவள் நினைக்கட்டும் என்று, விரலால் வெறும் தகட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன்.