பொடியன் பெரிய நாய்த் தீனிக்கு மாறிய கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், பொடியன் நாலு காலையும் ஊன்றி நடக்கிறான், நீயும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும். நாய் நாலு காலில் நடப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று சிரிக்காதே. போன மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் அவன் மூன்று காலில்தான் நடந்தான், உன்னிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், மீதிப் பாதி உன் காதில் ஏறாது. அதனால்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

அவனுக்கு ஒரு வயது ஆனதும் குட்டித் தீனியை நிறுத்திவிட்டுப் பெரிய நாய்த் தீனிக்கு மாற்றச் சொல்லி நாய் டாக்டரம்மா தடுப்பூசி போட்ட அன்றே சொல்லியிருந்தார். ஒரேயடியாக மாற்றினால் வயிறு கெட்டுவிடுமாம், முதல் மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி, அப்புறம் முக்கால், பத்தாம் நாள் முழுக்கப் புதியது. இருபத்திரண்டு வருடமாக வார்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று எழுதியே விரல் தேய்ந்த நர்ஸ் நான், சும்மா இருப்பேனா? அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன், தராசில் நிறுத்துக் கிண்ணத்தில் போட்டேன், வேறு யாரும் ஒரு துணுக்குகூடக் கொடுக்கக் கூடாது என்று அப்பாவுக்கும் மேல்மாடி டீச்சருக்கும் உத்தரவு போட்டேன். நம் பொடியன் துரை என்ன செய்தார் தெரியுமா, பழைய உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, புதியதை ஒவ்வொன்றாகத் தரையில் துப்பி வரிசையாக வைத்தார். முதலில் சிரித்தோம். பாதிக்குப் பாதி வந்த நாளில் கிண்ணத்தை மோந்துவிட்டு, நான் ஏதோ விஷம் வைத்த மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உன் அறை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டான். பசி வந்தால் தானாகத் தின்பான், யாரும் இளகக் கூடாது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

இப்படியே மூன்று வாரம். கிண்ணம் வைத்தது வைத்தபடி இருக்கிறது, ஆள் மட்டும் உருண்டுகொண்டே போகிறான். சாப்பிடாத உடம்பு எப்படிப் பெருக்கும், உள்ளே ஏதும் வீக்கமோ என்று எனக்குக் கவலை. ஒரு காலையில் சோபாவிலிருந்து குதித்தவன் கீச்சென்று கத்தினான், வலது பின்னங்காலைத் தரையில் வைக்கவே இல்லை. வளர்கிற நாய்க்கு இடுப்பு எலும்பு தேய்கிற வியாதி ஒன்று இருக்கிறது, வந்தால் ஆயுசுக்கும் நொண்டல்தான் என்று யாரோ எழுதியிருந்ததைப் போனில் படித்துத் தொலைத்தேன். டாக்டரம்மா நாலு நாள் லீவு வேறு, பக்கத்தில் வேறு நாய் டாக்டரும் கிடையாது. அந்த நாலு நாளும் நான் நானாக இல்லை. வேலை போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மாதம் நீ கிடந்தாயே, நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் எழுந்திருக்காதவளைப் போர்வையைக் கடித்து இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தது இந்தப் பொடியன்தான். புது வேலைக்குப் பயணம் கிளம்பும்போது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பத்திரமா பாத்துக்கோம்மா, எனக்கு உசிரு இவன்தான் என்றாய். உன் உசிரை நான் நொண்டியாக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

டாக்டரம்மா லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை காலையில் அப்பா லிஃப்ட் ரிப்பேர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு டூல் பையோடு நேராக வந்துவிட்டார், டீச்சரும் கூடவே வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நானோ டியூட்டி முடித்த யூனிஃபார்மோடு இருந்தேன். ஆஸ்பத்திரியில் பொடியனை எடை போட்டால் இருபத்து மூன்றரைக் கிலோ, இருக்க வேண்டியது பதினெட்டு. என்ன குடுக்குறீங்க என்று டாக்டரம்மா கேட்டார், நான் பெருமையாக அட்டவணையை நீட்டி, இதிலும் பாதியைத் தொடுவதில்லை என்றேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இதுலயும் பாதிதான் சாப்பிடுறான்னா இந்த எடை எங்கேருந்து வந்துச்சு, காத்தைக் குடிச்சா என்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் பார்க்கிறோம். பொடியன் அந்த வலியிலும் நொண்டிக்கொண்டே போய் அப்பாவின் டூல் பையில் மூக்கை நுழைத்து ஸ்க்ரூ டப்பாவைக் கவ்வி இழுத்தான். திறந்தால் ஒரு ஸ்க்ரூ இல்லை, டப்பா நிறையக் குட்டித் தீனி! புள்ள பட்டினியா கெடக்கானேன்னு மனசு கேக்கலம்மா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் என்று அப்பா தலையைக் குனிந்தார். நான் பாய்வதற்குள் டீச்சர், நான் தினமும் ஒரே ஒரு அவிச்ச முட்டைதான், என்று ஆரம்பித்து, சரி ரெண்டு, என்று முடித்தார். மாடிப்படியில் வைத்து நடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் அங்கேயே உரித்திருப்பேன், அதற்குள் அந்தத் துரோகி என் பக்கம் திரும்பி யூனிஃபார்ம் பாக்கெட்டை மோந்து மோந்து வாலை ஆட்டுகிறான். என்ன சொல்ல, வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் கேட்டுக்கு வெளியே வைத்து, பாக்கெட்டிலிருந்து இரண்டு பிடி குட்டித் தீனியை என் கையால் ஊட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன், இரண்டு பிடியில் என்ன ஏறிவிடப்போகிறது என்ற நினைப்பு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

எக்ஸ்ரே வந்தது. எலும்புல ஒரு குறையும் இல்ல, இந்தப் பாரத்தோட குதிச்சதுல தசை பிடிச்சிருக்கு, ரெண்டு வாரம் ஓய்வு போதும் என்று சொல்லி என் வயிற்றில் பாலை வார்த்தார். குட்டித் தீனியில் சத்து அதிகமாம், வளர்ச்சி நின்ற பிறகும் கொடுத்தால் எல்லாம் உடம்பில்தான் ஏறுமாம். மூணு பேர் கையால தின்னவனுக்குப் புதுசு எப்படிப் பிடிக்கும், இனிமே ஒரு கைதான் போடணும் என்று கண்டித்து அனுப்பினார். வெளியே வந்ததும் அப்பா கிரீஸ் துணியால் கண்ணைத் துடைத்து மூக்கெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார், அவருக்கும் உள்ளுக்குள் அவ்வளவு பயம் இருந்திருக்கிறது பார். அந்த ஒரு கை அவர் கைதான் என்று நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். மறுபடி கால் பங்கிலிருந்து ஆரம்பித்தோம். இன்றோடு நாலு நாளாக முழுக்கப் புதுத் தீனிதான், கிண்ணத்தை நக்கி நக்கி அடுப்படி மூலைவரை தள்ளிக்கொண்டு போகிறான். எடை இருபத்திரண்டரைக்கு இறங்கிவிட்டது, நேற்று பூனையையும் துரத்தினான். கேட் ஓரமாக நான் ஊட்டியது அவனுக்காக மட்டும் இல்லை கண்ணு, உனக்கு ஒரு வாய் கொடுக்க முடியவில்லையே என்ற குறைக்கும் சேர்த்துத்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அவன் நொண்டிய நாட்களில் நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் அவனைச் சோபாவில் உட்கார வைத்து முகத்தை மட்டும் காட்டினேன். நீ நம்பிவிட்டாய். அப்படிக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது, நாலு மாதமாக நீயும் எனக்கு முகத்தை மட்டும்தான் காட்டுகிறாய். அறை தெரிவதில்லை, தட்டு தெரிவதில்லை, சாப்பிட்டியா என்றால் ஆச்சும்மா என்கிறாய், தோள் எலும்பு மட்டும் ஓரத்தில் துருத்திக்கொண்டு தெரிகிறது. நீ நன்றாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் யார்? இல்லையென்றால் அதையும் சொல், திட்ட மாட்டேன், ஏன் மறைத்தாய் என்று கேட்கிற யோக்கியதையும் எனக்கு இப்போது இல்லை.

உடம்பும் மனசும் தெம்பாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மட்டும் மறக்காமல் போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நில். அம்மா ஒரு தடவை உன்னை முழுசாகப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா