வெறியும் வெர்ரியும்

இன்று காலை எங்கள் தெருவுக்குச் சாலை போட ஆரம்பித்தார்கள். காய்ச்சிய தாரின் வாசனை உள்ளே வந்ததும், வதினா, உங்கள் நினைவு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் போன புதிதில் ஒரு நாள் இதே வாசனையில்தான் நாம் கதவைத் திறந்தோம். எதிரே சத்திரத்துப் பலகையில் தெலுங்கு எழுத்துகளை மட்டும் தார் பூசி மூடியிருந்தார்கள்.

செய்வித்தவர் மரக்கடைக்காரர் என்பது ஊருக்கே தெரியும். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்கார மன்னர் படைக்கு ஆள் சேர்க்கத் தமுக்கோடு திரிந்தவர். சுதந்திரம் வந்ததும் கதர்ச் சட்டை. மாகாணத்தைப் பிரித்தால் நம் திருத்தணி யாருக்கு என்ற பேச்சு கிளம்பியதும் மொழிக்காரர். மூன்றுக்கும் ஒரே தொண்டை. எதற்காகவும் ஒரு வேளை பட்டினி கிடந்ததில்லை.

அன்று சாயங்காலம் ஆட்களோடு நம் வாசலுக்கே வந்துவிட்டார். தெலுங்கு பேசும் நகரியில் பிறந்து, அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு வதினாவான நீங்கள்தான் குறி.

"இந்த வூட்ல இனிமே தெலுங்கு சத்தம் கேக்கக் கூடாது. எனக்குத் தமிழ் மேல வெறும் பற்று இல்ல, வெறி! வெறி புடிச்சவன் நானு!"

சண்டை நடந்தபோது பத்திரிகைகள் எதிரியின் தேச அபிமானத்தை வெறி என்றும் நம்முடையதைப் பற்று என்றும் எழுதும். அந்த வசவையே இவர் பட்டமாகச் சூட்டிக்கொண்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"எங்க பேச்சுல வெர்ரின்னா பைத்தியங்க. அத நீங்களே சொல்லிகினு வந்தா நாங்க இன்னா பண்றது?"

அவரோடு வந்தவர்களே சிரித்தார்கள். தெலுங்கு தெரியாதவர் இந்த ஊரில் யார்? அதற்குக் கூலியாக நம் ஓட்டின் மேல் கல் விழுந்தது; பொதுக் கிணற்றில் உங்கள் குடத்தை ஒதுக்கினார்கள்.

அந்தக் கிணற்றடியில்தான் மரக்கடைக்காரருடைய அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டீர்கள். அந்தம்மாவுக்குத் தெலுங்கைத் தவிர வேறு பேச்சு வராது. மகன் மேடை ஏறிய பிறகு, குரல் தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, படுக்கையாகக் கிடந்தவரைப் பின்கட்டுக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிட்டாராம். நீங்கள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நேரே அந்த வீட்டுக்கு நடந்தீர்கள். பயந்துகொண்டே நானும் பின்னால் வந்தேன்.

"இங்க எதுக்கு வந்தே?" என்று அவர் வாசலை மறித்தார்.

"உங்க பைத்தியத்தப் பாக்க வரல. உங்கம்மாவப் பாக்க வந்தேன். நகருங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் நகர்ந்தார். இருட்டறைக்குள்ளிருந்து "எவரு?" என்று கேட்டது. "நேனம்மா, நகரி பில்லனு," நகரிப் பெண் வந்திருக்கிறேன் என்று தெலுங்கிலேயே சொன்னீர்கள், தெருக்கோடி வரை கேட்கும்படி. அந்தம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார், பேசினார், அழுதுகொண்டே பேசினார். அந்தம்மா கண் மூடும் வரை தினமும் போய் வந்தீர்கள்.

அம்மாவின் காரியம் முடிந்த கையோடு மரக்கடைக்காரர் மறுபடி மேடை ஏறினார். தாய்மொழிக்காக உயிரையே கொடுப்பேன் என்றார். உன் தாய் பேசியது எந்த மொழி என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, கை தட்டினார்கள். நான் கொதித்துப்போய் வந்து சொன்னபோது, "நெஜமா பாசம் இருந்தா சோறு எறங்காதும்மா. அவங்களுக்கு இன்னும் நல்லா பசிக்குது, அதான் கத்தறாங்க," என்று மட்டும் சொன்னீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கிவிட்டன. தேசமோ மொழியோ, தன் வெறியை ஒருவர் மார்தட்டிச் சொல்லும்போது எனக்குக் கோபம்கூட வருவதில்லை. இவர் வீட்டில் யாரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார் என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது.