கண்ணாடிப் புட்டி

சண்டைக்காரிக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

போன வாரம் பிளாஸ்டிக் குழாய்கள் தீர்ந்துபோயின. நம் மருந்தைக் கண்ணாடிப் புட்டியில் கரைத்து நரம்புச் செல்மேல் விட்டேன். சோடியம் அயனிகள் நுழையும் வாசலை அது மூட வேண்டும். திரையில் மின்னோட்டக் கோடு கீழே விழ வேண்டும். விழவில்லை. ஒன்பது செல்களிலும் விழவில்லை.

பிறகு பழைய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தேடியெடுத்து, மருந்தே கலக்காத கரைசலை அதில் ஒரு நாள் வைத்திருந்து, பிறகு செல்மேல் விட்டேன். வாசல் பட்டென்று மூடிக்கொண்டது. இத்தனை வருடமும் மூடியது பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று. மருந்தில்லாத கரைசலை மட்டும் நாம் எப்போதும் கண்ணாடியில் வைத்ததால் அது தெரியவில்லை.

"மருந்தையும் ஒரு தடவை கண்ணாடில வச்சுப் பாருடி" என்று அன்றைக்கே நீ சொன்னாய். எல்லார் முன்னாலும் நான் சிரித்தேன். மறுமாதம் உன் மேசை காலியாக இருந்தது. இடம் தாராளமாகிவிட்டது என்று அதற்கும் ஏதோ சொன்னேன்.

ஆய்வகக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். "மேடம், விருதுக் குழு வந்தாச்சு, எல்லாரும் உங்களத்தான் தேடுறாங்க" என்று மாணவி தட்டுகிறாள். அவளோடு சேர்த்து ஐந்து பேருடைய ஆய்வேடுகள் அந்த மருந்தை நம்பித்தான் இருக்கின்றன. கதவைத் திறந்தால் எல்லாரோடும் கைகுலுக்கிச் சிரித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?

போன வாரச் சோதனையின் பதிவுகள் என்னிடம் இருந்தால் நாளைக்கே அழித்துவிடுவேன். அதனால் அசலை இத்துடன் வைத்திருக்கிறேன். போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மேடை ஏறுவேன்.

இந்தத் தடவை எல்லார் முன்னாலும் நீ சிரி.

உன் பக்கத்து மேசைக்காரி