பறிமுதல் செய்த கத்தரிக்கோல்

என்னவருக்கு,

கண் விழித்ததும் நீங்கள் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் சொன்னதை எழுதப்போவதில்லை.

மத்தியானம் உங்கள் கட்டிலருகே மூன்று சகோதரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கிரேக்கக் கதைகளில் மனிதரின் ஆயுளை நூலாக நூற்று, அளந்து, வெட்டுவார்களே, அவர்கள்தான். மூத்தவள் நூற்று முடித்திருந்தாள். அடுத்தவள் அளந்தாள். கடைசித் தங்கை கத்தரிக்கோலை விரித்தாள். வகுப்பில் கோலிக்குண்டு, விசில், செல்போன் என்று முப்பது வருடம் பறித்த கை, ஓய்வு பெற்றும் மறக்கவில்லை. வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன்.

"டீச்சர், குடுத்திடுங்க. எங்க வேலையே அதுதான்."

"போய் அப்பாவைக் கூட்டிட்டு வா, தர்றேன்."

"எங்கப்பா வானத்துக்கே ராஜா!"

"இருக்கட்டுமே. மகனோட விசிலுக்காக ஒரு ஜட்ஜே என் மேஜை முன்னால கைகட்டி நின்னிருக்காரு."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கத்தரிக்கோல் என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் நூலை இடது கையில் சுற்றிக்கொண்டு, வலது கையால் எழுதுகிறேன்.

வெளியே நல்ல வெயில். ஆனாலும் இடி இடிக்கிறது. படிக்கட்டில் யாரோ கனமாக ஏறி வருகிறார்கள்.

வரட்டும். நாற்காலியைக் கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் கேலி செய்யும்
டீச்சரம்மா