உன் பேரில் கொட்டிய செம்மண்

என் ஸ்டெல்லாவுக்கு,

"யோவ்" என்று நீ கூப்பிட்டதுபோல் இருந்து இன்னும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறவன் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை ஒட்டாத கடிதமாக விடுகிறேன்.

உன் பேரில் ஒரு காடு வைத்தார்கள். சிரிக்காதே, முழுசாகக் கேள்.

நீ கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டே திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வருடக்கணக்காக அலைந்து ஆராய்ச்சி செய்தாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. மாதாகோயில் பூசை முடிந்ததும் உன்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையோடு நீ மரத்தைச் சுற்றுவாய். நிழலில் ஒரு தரம், வெயிலில் ஒரு தரம் வெப்பமானியை வைத்துப் பார்ப்பாய்.

அத்தனை அலைச்சலின் முடிவை எனக்கு நீ எளிமையாகச் சொன்னாய். மனிதர் நடக்கிற இடத்தில், நிற்கிற இடத்தில் மரம் வேண்டும். சாத்தாங்காட்டில் லாரிகள் வரிசை கட்டும் சாலையில் வேண்டும், விம்கோ நகர் சந்துகளில் வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் மட்டும் வேண்டாம். அது சும்மா கிடக்கும் நிலம் இல்லை, தண்ணீர் வந்து தங்கிப் போகிற இடம் என்றாய்.

ஆனால் சாத்தாங்காட்டுச் சாலையில் நின்று போட்டோ எடுத்தால் அழகாக இருக்குமா, சொல்லு? லாரியும் இரும்புத் துருவும் தெரியும். மரம் நடப் பணம் கொடுக்கிற கம்பெனிக்குப் பின்னணியில் வானமும் தண்ணீரும் வேண்டும். உன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது உடனே புரிந்துவிட்டது. படித்த மனிதர் அல்லவா.

சேற்றில்தான் நடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவருக்குப் போன் செய்தாயே, நினைவிருக்கிறதா? "சார், சேத்துல மண்ணு கொட்டாதீங்க சார்" என்று மூச்சு வாங்கிச் சொன்னாய். ஸ்பீக்கரில் அவர் குரல் தேனாக வழிந்தது: "கண்டிப்பா ஸ்டெல்லா. நீங்க ரெஸ்ட் எடுங்க." நீ நம்பினாய். நானும்தான்.

நீ போய் ஒரு வருடம் ஆகும் சமயத்தில் அவர் என்னைக் கூப்பிட்டார். "மேடம் பேர்ல ஒரு நினைவு வனம் தொடங்குறோம். ஃபேமிலி கண்டிப்பா வரணும்." எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். நம் மகள் ஜெனி ஆபீசுக்கு லீவு போட்டாள்.

போய் இறங்கினால், அதே சேற்று நிலம். பாதியை லாரி லாரியாகக் கொட்டிய செம்மண் மூடியிருந்தது. ஷாமியானா, பூங்கொத்து, சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வந்தவர்களுக்குக் காற்று வர கரும்புகை கக்கும் ஜெனரேட்டர். வேம்பும் புங்கையும் குழிக்குள் இறக்கியிருந்தார்கள், வேரைச் சுற்றிய பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல். நடுவில் பெரிய போர்டு. அதில் உன் பேர்.

கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே கன்னியம்மா நின்றாள். அந்தச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள், உனக்குக் கஞ்சி ஊற்றியவள். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல் சிரிக்கவில்லை.

"இன்னா அண்ணே, டீச்சரு இப்டி பண்ட்டாங்களே? எங்க கூட குந்திகினு கஞ்சி குட்ச்சிட்டு, எங்க வயித்துலயே மண்ணு கொட்டச் சொல்லிகீறாங்க."

"டீச்சர் சொல்லிச்சின்னு யாரு சொன்னது?"

"போர்டுல பேரு கீதே. போன வாரம் நட்டப்பவே எம் பொண்ணு பட்ச்சு சொல்லிச்சி."

ஸ்டெல்லா, உன்னைக் குழிக்குள் இறக்கியபோதுகூட எனக்கு இப்படி வயிறு எரியவில்லை.

மேடையில் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "ஸ்டெல்லாவின் கனவு இன்று நனவாகிறது" என்றார். கம்பெனி அதிகாரி உன் பேரை ஷீலா என்று சொன்னார். யாரும் திருத்தவில்லை. பிறகு, "கணவர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"என் பொண்டாட்டி இங்க மண்ணு கொட்டாதீங்கன்னு சொல்லிகினே செத்துச்சு" என்றேன். "ஆஸ்பத்திரிலேந்து இந்த சாருக்குதான் போன் பண்ணுச்சு. நான் பக்கத்துலதான் குந்தினு இருந்தேன்."

அவ்வளவுதான், மைக் செத்துவிட்டது. பேராசிரியர் என் தோளில் கை போட்டார். "நீங்க எமோஷனலா இருக்கீங்க. ஆராய்ச்சி முடிவை இப்படி நேரடியா அர்த்தம் பண்ணிக்கக் கூடாது."

"சரி, அதோட பேரையாவது எடுத்துருங்க சார்."

"போர்டு திறந்தாச்சே" என்றார், ஏதோ மாதாகோயிலைப் பிஷப் வந்து அர்ச்சித்துத் திறந்தாற்போல.

பைக் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தேன். ஜெனி போர்டின் அடியைத் தாங்கிப் பிடித்தாள். நட்டு நட்டாகக் கழற்றினேன். அத்தனை கோட்டு சூட்டில் ஒருத்தருக்கும் கிட்டே வரத் துணிவில்லை. பேராசிரியர் தன் போனை எடுத்து, யாருமே கூப்பிடாத போனில், "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்றபடி கார் பக்கம் நடந்தார்.

கழற்றியதைத் தூக்கிக்கொண்டு போய் கன்னியம்மாவின் முன்னால் வைத்தேன். "இது டீச்சர் சொன்னது இல்ல. வேணாம்னுதான் சொல்லிச்சு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்டி சொல்லு அண்ணே" என்றாள். "ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல."

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. மழைக்காலம் வந்தது. சேற்றில் பரவ வேண்டிய தண்ணீர் போக இடமில்லாமல் கன்னியம்மா தெருவுக்குள் புகுந்து முழங்கால் வரை நின்றது. வடிந்தபோது உன் நினைவு வனம் மொத்தமும் விளக்குமாற்றுக் குச்சியாக நின்றது. பேராசிரியர் பத்திரிகையில் விளக்கம் சொன்னார்: மண்ணின் உப்புத்தன்மை எதிர்பாராதது. கடலுக்குப் பக்கத்தில் உப்பு இருப்பது எதிர்பாராததாம்! இவருக்குக் கீழேயா நீ இத்தனை வருடம் தலையாட்டி நின்றாய்? என்னிடம் ஒரு நாளாவது திட்டித் தீர்த்திருக்கக் கூடாதா?

இப்போது அங்கே வேறு போர்டு. கம்பெனி முதலாளியின் செத்துப்போன அம்மா பேர். பாவம், அந்த அம்மாவைக் கேட்டா வைத்தார்கள்?

கன்னியம்மாவும் தெருப் பெண்களும் மண்ணை அள்ளச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார்கள். நீ எச்சரித்ததைக் கேட்டவர் யாராவது சாட்சி சொல்ல வருவார்களா என்று அவர்கள் வக்கீல் கேட்டார். உன்னோடு ஆராய்ச்சி செய்த இரண்டு பேரிடம் போனேன். ஒருவருக்கு வேலை நிரந்தரமாகவில்லையாம். இன்னொருவர் காபி மட்டும் கொடுத்தார்.

ஆகவே நான் போகிறேன். நாற்காலியில் பெரிய மனிதரைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா? எதிர்த்தரப்பு வக்கீல் என் படிப்பைக் கேட்பார், பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை என்பேன். சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். அப்புறம் நீ போனில் சொன்னதை, மூச்சு வாங்கி நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தி, ஒரு சொல் விடாமல் சொல்லுவேன். எத்தனை வாய்தா போட்டாலும் வருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் வீட்டுக்காரன், ஜெனியின் அப்பா,
அந்தோணி
ராயபுரம்