அந்த மூச்சை அவள் கவனித்தாள்

ஸ்ஃபாக்ஸ்,
ஞாயிறு காலை

என் ஸக்கியாவுக்கு,

உன்மேலும், நம் மகள் ஹாஜர்மேலும், மார்செய் நகரில் கண் திறந்த நம் பேரன்மேலும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நண்பன் லஸ்ஹர் நாளை மார்செய்க்குக் கப்பல் ஏறுகிறான். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதி கேட்பதற்குள் நீ பெட்டி கட்டிவிடுவாய். நான் நலம். முழுவதும் படி.

வயிறு சரியில்லை என்று சொன்னேன் அல்லவா? கெட்டுப்போன கணவாய் மீனைத் தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாகக் கிடந்தேன். தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஆனால் நீ சொல்லிவிட்டுப் போன சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. எட்டிப் பார்த்த லஸ்ஹர், "உன் மூஞ்சி சந்தையில மிஞ்சுன மத்தி மாதிரி இருக்குடா, கெளம்பு" என்று வண்டியில் தூக்கிப் போட்டான்.

அவசரப் பிரிவில் ஒரே கூட்டம். என் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. வயிற்றுக் கோளாறுதான், சலைன் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து நம் டாக்டர் மகள் தொர்சாஃப் பணிக்கு வந்தாள்.

கட்டில் அருகே நின்று என் நெஞ்சையே பார்த்தாள். நுரையீரலில் கோளாறில்லை, பின் ஏன் இந்த மனிதர் ஓடி வந்தவர்போல மூச்சு விடுகிறார் என்று யோசித்தாளாம். கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டாள். பெற்ற மகளிடம் சொல்லக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்பா, இங்க நான் உங்க பொண்ணு இல்ல, டாக்டர். மறைக்காம சொல்லுங்க."

நேற்றிலிருந்தே போகவில்லை என்றேன். மாத்திரை? ஒரு வேளையும் தவறவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

மணிக்கட்டு நாடியில் அவளே ரத்தம் எடுத்தாள். ஒரே குத்தில் முடித்துவிட்டாள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. உடம்பு வறண்டு சிறுநீரகம் முடங்க, மாத்திரை வெளியேற வழியின்றித் தேங்கி, அமிலத்தைக் கூட்டியதாம். மாத்திரைமேல் குற்றமில்லை, வாந்தியின்போது நிறுத்திவிட்டு டாக்டரிடம் போயிருக்க வேண்டுமாம். தலைமை மருத்துவர் ரிதாவிடம், "டயாலிசிஸ் இப்பவே வேணும் சார். காத்திருக்க முடியாது" என்றாள். அவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், உடனே ஏற்பாடு செய்யச் சொன்னார்.

மறுநாள் அவரே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். நாங்களும் கண்டுபிடித்திருப்போம், ஆனால் தாமதமாக. இந்த நோயில் தாமதம் ஆளைக் கொன்றுவிடும் என்றார். அதன்பின் வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் என் மகள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர், "தெரியும்பா, இன்னிக்கே பத்து தடவ சொல்லிட்ட" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதல் நாளே, டயாலிசிஸ் முடிந்த பிறகு, அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தாள். என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

இப்போது மாத்திரைக்குப் பதில் இன்சுலின். சிறுநீரகம் தேறி வருகிறது. ஹரிசா மிளகாய் விழுது போடாத சூப்பு காய்ச்சித் தருகிறாள்; டாக்டர் வேலையில் பாதிகூட சமையலில் தேறமாட்டாள்.

ஹாஜருக்குப் பிரசவத்தின் நாற்பது நாள் கழியும்வரை அங்கேயே இரு. தொர்சாஃபின் கைகளை இறைவன் காக்க வேண்டும் என்று தொழுகையில் கேள். நீ வந்து இறங்கும்போது முதலில் அவளைக் கட்டிக்கொள். என்னைப் பிறகு பார்க்கலாம், ஸக்கியா. எனக்கு இனி நேரம் இருக்கிறது.

உன் மொன்செஃப்